காலவழுவும் கார்களும்: வரலாற்றுத் திரைப்படங்களில் பழைய வாகனங்கள்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாளைச் சித்திரிக்கும் ஒரு திரைப்படக் காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். இடம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா சாலை. தொலைவில் கரும்புகை எழுகிறது. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடக்கிறார்கள். சாலையோரத்தில் யாரோ கைவிட்டுப்போன கார் ஒன்று நிற்கிறது. வளைந்த கூரை, உருண்ட முன்விளக்குகள், புடைத்த சக்கரக் காப்புகள். பார்த்தவுடன் ‘பழைய கார்’ என்று நம் மனம் அதை ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கார் மோரிஸ் மைனர்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இந்த உருவம் கொண்ட மோரிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது 1948ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில். 1942இல் அப்படி ஒரு கார் உலகில் எந்தச் சாலையிலும் ஓடவில்லை. ஆறு ஆண்டுக்குப் பின் பிறக்கவிருக்கும் ஒரு பொருள், காட்சிக்குள் முன்கூட்டியே வந்து நிற்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘பழைய கார்’ என்றதும் பலர் நினைவில் எழுவது மோரிஸ் மைனரே. ஆதலால் இத்தகைய பிழை எளிதில் நேரக்கூடியது. எளிதில் கண்டுகொள்ளப்படாமலும் போகக்கூடியது.

‘ஒரு கார் மாறிவிட்டால் என்ன? கதைதானே முதன்மை?’ என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வரலாற்றுத் திரைப்படங்களில் கார்கள் எவ்வெவ்வகையில் பிழைபடுகின்றன, அப்பிழைகள் ஏன் நேர்கின்றன, அவற்றுள் எவை பொறுக்கத்தக்கவை, எவை பொறுக்கத்தகாதவை என்பனவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வழுவும் வழுவமைதியும்

இதனை ஆராய வேறு மொழியிலிருந்து கலைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நம் இலக்கணமே அதற்கான கருவியைத் தந்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களை நாம் வகுப்பறையில் படித்திருக்கிறோம். ‘நேற்று வருவேன்’ என்றால் காலவழு. ‘யானைக் கன்று’ என்பது மரபு; ‘யானைக் குட்டி’ என்றால் மரபுவழு.

வழுவோடு நில்லாமல், ‘வழுவமைதி’ என்ற ஒன்றையும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். உணவு உண்டுகொண்டிருப்பவரை வெளியிலிருந்து நண்பர் அழைக்கிறார். ‘இதோ, வந்துவிட்டேன்’ என்கிறார் அவர். அவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ஆயினும் இறந்தகாலத்தில் பேசுகிறார். விரைவு பற்றி இவ்வாறு கூறுவது பிழையன்று என்று இலக்கணம் அமைதி கூறுகிறது. அதாவது, விதியிலிருந்து விலகுவதற்கு ஏற்ற காரணம் இருக்குமானால் அவ்விலகல் ஏற்கப்படும். காரணமின்றி, அறியாமையால் நேர்ந்தால் அது வழுவே.

திரைப்படத்தில் வரும் காருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். காலம், இடம், மரபு ஆகிய மூன்று வழுக்களைக் கொண்டு அதனை ஆராயலாம். இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கையைக் குறிக்கும். இங்கு அதனை நாடு, ஊர் என்னும் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வோம்.

காலவழு: மஞ்சள் நிறக் காரின் கதை

காலவழுவுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925இல் வெளிவந்த அமெரிக்கப் புதினம். அதன் கதை 1922ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், நியூயார்க் நகரிலும் அதனை ஒட்டிய லாங் ஐலண்டிலும் நிகழ்கிறது. திடீர்ச் செல்வந்தனான கேட்ஸ்பியின் பகட்டான கார், கதையில் ஒரு பாத்திரத்துக்கு ஒப்பானது. யார் எந்தக் காரை ஓட்டினார் என்னும் குழப்பத்தால்தான் கதையின் முடிவில் உயிர்கள் பலியாகின்றன. எனவே இக்கதையில் காரைப் பற்றிய அக்கறை வீண் அக்கறையன்று.

இப்புதினம் 1974இல் திரைப்படமானது. அதில் கேட்ஸ்பிக்குத் தரப்பட்டது 1928ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம். 2013இல் மீண்டும் படமானபோது, டூசன்பெர்க் ஜே வகையைப் போலப் பிற்காலத்தில் உருவாக்கப்பட்ட மறுபடைப்புக் கார் பயன்பட்டது. இனி ஆண்டுகளை ஒப்பிடுவோம். 1922இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் விற்றுவந்தது சில்வர் கோஸ்ட் என்னும் வகை. ஃபேன்டம் 1925இல்தான் அறிமுகமானது. டூசன்பெர்க் ஜே வகையோ 1928 டிசம்பரில்தான் வெளியிடப்பட்டது. ஆக, இரு படங்களிலும் கதையின் காலத்தில் பிறந்திராத கார்களையே கேட்ஸ்பி ஓட்டுகிறான்.

‘ஆறு ஆண்டு வேறுபாடு யாருக்குத் தெரியப்போகிறது?’ என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் காரின் உருவமே மாறிவிட்டது. 1920களின் தொடக்கத்தில் செல்வர்களின் கார்கூட உயர்ந்து, நிமிர்ந்து, குதிரை வண்டியின் சாயலை முற்றிலும் இழக்காமல் இருந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் அது தாழ்ந்து நீண்டு, தரையோடு ஒட்டி ஓடும் தோற்றம் பெற்றது. பிந்திய காரைக் காட்டும்போது, அந்த மாற்றம் நிகழ்ந்த வரலாறே பார்வையாளர் மனத்திலிருந்து அழிந்துவிடுகிறது.

இதைவிட நுட்பமான செய்தி ஒன்றும் உண்டு. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் தயாரித்த டி வகைக் கார் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. 1914 முதல் 1925 வரை அக்கார் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. அதாவது 1922இல் சாதாரண அமெரிக்கச் சாலை என்பது கறுப்புக் கார்களின் ஊர்வலம். அந்தக் கறுப்பின் நடுவே ஒரு மஞ்சள் கார் வரும்போது தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். சுற்றிலும் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கார்கள் நின்றால், மஞ்சள் காரின் தனித்தன்மை கரைந்துபோகும். நாயகனின் காரைவிடப் பின்னணியில் நிற்கும் கார்களே சில நேரங்களில் காலத்தை நன்கு பேசுகின்றன.

சிறு உறுப்புகள் சொல்லும் ஆண்டு

கார் வகையின் பெயரும் அது வெளியான ஆண்டும் சரியாக இருந்துவிட்டால் போதுமா? போதாது. பல கார்கள் ஒரே பெயரில் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் அவற்றின் உறுப்புகள் மாறிக்கொண்டே வந்தன.

மோரிஸ் மைனரையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதன் முன்விளக்குகள் முகப்புக் கம்பிச் சட்டத்தின் இருபுறமும் தாழ்வாக இருந்தன. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவை சக்கரக் காப்பின் மேல் ஏறின. முன்கண்ணாடி முதலில் நடுவில் ஒரு கம்பியால் பிரிக்கப்பட்ட இரு துண்டுகளாக இருந்தது. 1956இல் வளைந்த ஒற்றைக் கண்ணாடி ஆனது. எனவே 1950ஆம் ஆண்டின் ஈப்போவைக் காட்டும் படத்தில் மோரிஸ் மைனர் வரலாம். ஆனால் ஒற்றைக் கண்ணாடியுடன் வரலாகாது.

வோக்ஸ்வேகன் பீட்டலுக்குப் பின்கண்ணாடியே பிறப்புச் சான்று. 1953இன் முற்பகுதிவரை அது இரு துண்டுகளாகப் பிளவுபட்டிருந்தது. அதன்பின் ஒற்றை நீள்வட்டமானது. 1957இல் அகன்ற செவ்வகமாகியது. காரின் முதுகைக் கண்டே அதன் காலத்தைக் கணிக்கலாம்.

இந்தியாவின் அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி எழுந்தது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அது தயாரிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் உருவம் பெரிதும் மாறாததால், அம்பாசிடர் எக்காலத்துக்கும் பொருந்தும் என்ற மயக்கம் எழுகிறது. இந்திய விடுதலைப் போராட்டக் காலத்தைக் காட்டும் கதையில் அம்பாசிடர் வருமானால் அது காலவழுவே. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழிந்த பிறகே அக்கார் பிறந்தது.

காரில் எழுதப்பட்டிருக்கும் எண்ணும் ஒரு சான்று. மலேசியாவில் சிலாங்கூருக்கு ‘பி’, பேராக்குக்கு ‘ஏ’, ஜொகூருக்கு ‘ஜே’ என எழுத்துகள் வழங்குகின்றன. கோலாலம்பூர் 1974இல் கூட்டரசுப் பிரதேசம் ஆகும்வரை சிலாங்கூரைச் சேர்ந்தே இருந்தது. ‘டபிள்யூ’ எழுத்து அதன் பின்னரே வந்தது. எனவே 1969ஆம் ஆண்டுக் கோலாலம்பூரில் ‘டபிள்யூ’ எண்பலகை தாங்கிய காரைக் காட்டினால், கார் சரியாக இருந்தும் காட்சி பொய்த்துவிடும். தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். மாநிலத்துக்கு ஈரெழுத்து, வட்டார அலுவலகத்துக்கு ஈரிலக்கம் என்னும் இன்றைய முறை 1980களின் இறுதியில் வந்தது. அதற்கு முன் மூன்று எழுத்துகளும் நான்கு இலக்கங்களுமே வழங்கின.

டயரின் நிறம்கூடக் காலம் சொல்லும். ரப்பர்ப்பால் வெண்ணிறமானது என்பதைத் தோட்டப்புறத்தார் அறிவர். தொடக்ககால டயர்களும் வெளிறிய நிறத்திலேயே இருந்தன. வலிமைக்காகக் கரித்தூள் கலக்கும் வழக்கம் 1910களில் பரவிய பின்னரே டயர் கறுத்தது. 1905ஆம் ஆண்டின் காட்சியில் கன்னங்கரிய டயர் உருளுமானால், அதுவும் ஒரு சிறு காலவழு.

இடவழு: எந்த ஊர்ச் சாலை?

ஆண்டு பொருந்தினாலும் ஊர் பொருந்த வேண்டும். 1930களின் அமெரிக்க ஃபோர்டு கார் ஒன்றை அக்காலச் சிங்கப்பூர்க் காட்சிக்குக் கொண்டுவரலாமா? ஆண்டுக் கணக்கில் தடையில்லை. ஆனால் அமெரிக்கக் காரில் ஓட்டுநரின் சக்கரம் இடப்புறம் இருக்கும். இங்கு வலப்புறம் இருந்தாக வேண்டும்.

இதற்குப் பின்னால் சுவையான வணிக வரலாறு உண்டு. மலாயா ஃபோர்டு நிறுவனம் 1926இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்டது. அது அமெரிக்கத் தலைமையகத்தின் கீழ் நேரடியாக இயங்காமல், கனடா ஃபோர்டு நிறுவனத்தின் கிளையாக இயங்கியது. கனடா பிரிட்டிஷ் பேரரசைச் சேர்ந்தது என்பதால், பேரரசுக்குள் பொருள் அனுப்ப வரிச் சலுகை கிடைத்தது. ஆகவே வலப்புறச் சக்கரம் கொண்ட ஃபோர்டு கார்கள் கனடாவிலிருந்து இங்கு வந்தன. தோற்றம் அமெரிக்கம், சக்கரம் இருக்கும் பக்கம் ஆங்கிலம். அக்காலச் சிங்கப்பூரின் அரசியலையும் வணிகத்தையும் அந்த ஒரு கார் சேர்த்துச் சொல்கிறது.

அந்நிறுவனம் புக்கிட் தீமாவில் கட்டிய தொழிற்சாலை 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. கார் பொருத்தும் ஆலை அது. திறந்த சில மாதங்களிலேயே போர் வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படைகள் ஜப்பானியரிடம் சரணடைந்த உடன்படிக்கை அதே ஆலையில்தான் கையெழுத்தானது. ஜப்பானியர் ஆட்சியில் நிசான் நிறுவனம் அங்கு இராணுவத்துக்கு லாரிகள் தயாரித்தது. இன்று அக்கட்டடம் தேசிய நினைவுச்சின்னம். நம் கற்பனைக் காட்சி நிகழும் சாலையிலேயே, அக்காலத்துக்குரிய கார் எது என்பதற்கான விடையும் இருக்கிறது.

மரபுவழு: பளபளக்கும் கடந்தகாலம்

மூன்றாவது வகை கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. ஆனால் மிகப் பரவலானது. காட்சியிலுள்ள ஒவ்வொரு காரும் ஆண்டளவிலும் இடத்தளவிலும் சரியாக இருக்கும்; ஆயினும் தெரு முழுவதும் பொய்யாகத் தோன்றும். ஏன்?

முதலாவது, எல்லாக் கார்களும் ஒரே வயதில் இருப்பது. 1955ஆம் ஆண்டுக் கதை என்றால் 1955ஆம் ஆண்டுக் கார்களையே திரட்டி நிறுத்துகிறார்கள். இன்று நம் வீட்டின் முன்னுள்ள தெருவைப் பாருங்கள். இவ்வாண்டு வாங்கிய கார் எத்தனை? பத்து ஆண்டைக் கடந்தவை எத்தனை? 1955இன் தெருவிலும் 1930களின் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். போர்க்காலத்தை ஒட்டிய ஆண்டுகளில் இது மேலும் உண்மை. அமெரிக்காவில் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார்த் தயாரிப்பு நிறுத்தப்பட்டு, 1945இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மக்கள் பழைய கார்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினர். போர் முடிந்த பின்பும் உலோகத் தட்டுப்பாட்டால் சில கார்கள் மோதுதாங்கிக்கு மாற்றாக மரக்கட்டையைப் பொருத்திக்கொண்டு ஓடின. 1940களின் நடுவில் தொடங்கும் ‘தி காட்ஃபாதர்’ (1972) திரைப்படத்தில் இத்தகைய மரக்கட்டை பூட்டிய கார் ஒன்று தென்படுகிறது. அந்தக் கட்டை ஒரு வசனமும் பேசாமல் ஒரு காலத்தின் பற்றாக்குறையைக் காட்டிவிடுகிறது.

இரண்டாவது, எல்லாக் கார்களும் மின்னுவது. இதற்குக் காரணம் எளிது. திரைப்படக் குழுவினர் பழைய கார்களைப் பெரும்பாலும் சேகரிப்பாளர்களிடமிருந்தே வாடகைக்குப் பெறுகிறார்கள். அவர்கள் அவற்றைப் பிள்ளையைப் போல் பேணுபவர்கள். மேலே கீறல் விழ இசையமாட்டார்கள். ஆலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட இல்லாத மெருகு அவற்றுக்கு இன்று ஏறியிருக்கும். அறிந்த கலை இயக்குநர்கள் கழுவினால் போய்விடும் வண்ணத்தையும் முல்தானி மண்ணையும் தூவி அந்த மெருகை மறைப்பார்கள். ஏனையோர் அப்படியே விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, எல்லாக் கார்களும் விலையுயர்ந்தவையாக இருப்பது. மக்கள் எதைப் பாதுகாப்பார்கள்? அழகானதை, அரியதை, விலைமிக்கதை. மலிவான கார் உழைத்து உழைத்துத் தேய்ந்து இரும்புக் கடைக்குப் போயிற்று. செல்வரின் கார் கொட்டகையில் துணி போர்த்திக் காக்கப்பட்டது. எனவே இன்று எஞ்சியிருக்கும் கார்களை வைத்து அன்றைய தெருவைக் கட்டினால், அத்தெருவில் ஏழைகள் இருக்கமாட்டார்கள். இஃது இலக்கியத்துக்கும் பொருந்தும். எஞ்சிய ஏடுகளை மட்டும் கொண்டு ஒரு காலத்தை முழுமையாக அறிந்துவிட்டதாக எண்ணுவது எத்துணைத் தவறோ, அத்துணைத் தவறு இதுவும்.

ஆவணம் இருந்தும் மரபு மாறிய காட்சி ஒன்று ‘டைட்டானிக்’ (1997) படத்தில் உள்ளது. நாயகனும் நாயகியும் கப்பலின் சரக்கறையில் நிற்கும் ரெனோ காரில் மறைந்துகொள்கிறார்கள். அந்தக் கார் கற்பனையன்று. பயணி ஒருவர் தம் ரெனோ காருக்காக 5,000 டாலர் இழப்பீடு கோரியது பதிவாகியுள்ளது. ஆனால் கப்பலின் சரக்குப் பட்டியல் அதனை ‘ஒரு பெட்டி’ என்றே குறிக்கிறது. மரப்பெட்டிக்குள் கட்டி அனுப்பப்பட்ட காரின் பின்னிருக்கையில் யாரும் ஏறி அமர முடியாது. கார் உண்மை, அது நிற்கும் நிலை கற்பனை.

எதை அமைதி எனலாம்?

இனி, எல்லாப் பிழைகளையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று பார்க்க வேண்டும்.

‘தி கிரேட் எஸ்கேப்’ (1963) இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து நேசநாட்டு விமானப்படையினர் தப்ப முயன்ற நிகழ்ச்சியைச் சொல்வது. அதில் நாயகன் ஜெர்மானிய இராணுவ மோட்டார் சைக்கிளைப் பறித்துக்கொண்டு முள்வேலியைத் தாண்டிக் குதிப்பான். உண்மையில் அந்த வண்டி 1960களின் ஆங்கிலேய டிரையம்ஃப். அதற்கு ஜெர்மானிய வண்ணம் பூசி வேடமிட்டிருந்தார்கள். அப்படித் தாவுவதற்குப் போர்க்கால இராணுவ வண்டி ஏற்றதன்று, எடை மிகுந்தது. காட்சியின் தேவையும் நடிப்பவரின் பாதுகாப்பும் கருதிச் செய்த மாற்றம் இது. இவ்வளவில் இதனை வழுவமைதி என்று ஏற்கலாம்.

ஆனால் அதே காட்சியில் பெரிய வினா ஒன்று மறைந்திருக்கிறது. உண்மை நிகழ்ச்சியில் மோட்டார் சைக்கிள் துரத்தலே இல்லை. 76 பேர் சுரங்கவழி வெளியேறினர். மூவர் மட்டுமே தப்பினர். பிடிபட்டவருள் 50 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். வண்டியின் ஆண்டைப் பற்றி வாதிட்டுக்கொண்டு, நிகழாத நிகழ்ச்சியை நம்பிவிடுவோமானால் நாம் துரும்பைப் பிடித்துத் தூணை விட்டவர்களாவோம். பொருளில் நேரும் பிழை வேறு. நிகழ்வில் நேரும் பிழை வேறு. முன்னதைக் காணப் பழகுவது பின்னதைக் காண்பதற்கான பயிற்சியாக அமைய வேண்டும்.

எனவே ஒரு விலகலை அமைதி எனக் கொள்ள மூன்று நிபந்தனைகளைக் கூறலாம். அது படைப்பாளர் அறிந்தே செய்ததாக இருக்க வேண்டும். கலை, பாதுகாப்பு, கிடைக்கும் தன்மை போன்ற ஏற்ற காரணம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கால மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைப் பற்றி அது தவறான எண்ணத்தை விதைக்கக் கூடாது. கேட்ஸ்பியின் டூசன்பெர்க் முதல் இரண்டு நிபந்தனைகளை நிறைவு செய்யக்கூடும். பகட்டை இன்றைய கண்களுக்கு உணர்த்த அது உதவியது என்று வாதிடலாம். பின்னணியில் ஏழையின் கார் ஒன்றுகூட இல்லாத தெருவோ மூன்றாம் நிபந்தனையில் தோற்றுவிடும்.

சொல்லும் ஒரு வாகனமே

மொழி பயில்வோர் கருத வேண்டிய கூறு ஒன்று உண்டு. காட்சியில் காரைச் சரியாக நிறுத்திவிட்டு, அதனைச் சுட்டும் சொல்லில் காலவழு செய்யலாகாது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முன்பு காரைப் ‘பிளஷர்’ என்றனர். சரக்கு ஏற்றாமல் இன்பப் பயணத்துக்கென்றே உரிய வண்டி என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முற்பகுதி அது. ‘மோட்டார்’, ‘மோட்டார் வண்டி’ என்றும் வழங்கினர். மலேசியத் தமிழர் பேச்சில் ‘காடி’ என்னும் சொல் இன்றும் வாழ்கிறது. நாம் எழுத்தில் போற்றும் ‘மகிழுந்து’ பிற்காலத்தில் அமைந்த தனித்தமிழ்ச் சொல். மகிழ்வுக்கு உரிய உந்து என விரியும் அதனுள் பழைய ‘பிளஷர்’ மறைந்திருப்பது இன்பமான செய்தி.

1942ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளி ஒருவர் திரையில் ‘அதோ, துரையின் மகிழுந்து வருகிறது’ என்று பேசினால் நாம் என்ன சொல்வோம்? சொல் நல்ல சொல். ஆனால் அவர் வாயில் அது மோரிஸ் மைனருக்கு ஒப்பானது. தூய தமிழ்ப் பற்றுக்கும் வரலாற்று நேர்மைக்கும் பகையில்லை. கட்டுரையில் மகிழுந்து என எழுதுவோம். பாத்திரத்தின் வாயில் அவர் காலத்துச் சொல்லை வைப்போம்.

நமக்கு இதில் என்ன?

இறுதியாக, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். அமெரிக்கக் கேட்ஸ்பியின் காரைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

அந்தக் கதை நிகழும் 1922ஆம் ஆண்டை மலாயாவிலிருந்து பாருங்கள். அன்று உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை விளைவித்தது மலாயா. தோட்டங்களில் பால்மரம் வெட்டியவருள் தமிழர் பெருந்தொகையினர். கார்த் தொழில் வளர்ந்ததால்தான் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. நம் முன்னோர் கப்பலேறினர். முதல் உலகப்போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. 1922 நவம்பரில் ஏற்றுமதியைக் குறைக்கும் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கில் கார்கள் பெருகிய அதே ஆண்டில், அக்கார்களின் சக்கரத்துக்குப் பால் எடுத்தவர்களின் பிழைப்பு விலை வீழ்ச்சியில் ஆடிக்கொண்டிருந்தது.

தோட்ட வாழ்க்கையைச் சித்திரிக்கும் படங்களையும் நாடகங்களையும் இன்று நம் இளையோர் உருவாக்கி வருகிறார்கள். இன்னும் பல வரவேண்டும். அவற்றில் கார் எங்கு நிற்கும்? துரையின் பங்களா வாசலில் நிற்கும். அதனைப் பெரட்டுக்களத்தில் நிற்பவர் தொலைவிலிருந்து பார்ப்பார். கிராணியிடம் ஒரு மிதிவண்டி இருக்கலாம். லயத்தில் வாழ்ந்தவருக்குக் கால்நடையும் மாட்டு வண்டியும் லாரியின் பின்தட்டுமே வாகனம். இந்த ஏற்றத்தாழ்வைச் சரியாகக் காட்டாமல், கிடைத்த பழைய கார்களையெல்லாம் அழகுக்காக நிறுத்தினால், நம் பாட்டனாரும் பாட்டியாரும் நடந்த தொலைவைத் திரையிலிருந்து அழித்துவிடுவோம். காரின் ஆண்டைச் சரிபார்ப்பது, முடிவில், யார் ஏறினார், யார் நடந்தார் என்பதைச் சரிபார்ப்பதே.

ஆசிரியர்கள் இதனை ஓர் எளிய வகுப்பறைப் பயிற்சியாக அமைக்கலாம். ஒரு வரலாற்றுப் படத்தின் தெருக்காட்சியை நிறுத்திவைத்து, மாணவரிடம் ஐந்து வினாக்களைக் கேட்கலாம்: இந்தக் கார் கதை நிகழும் ஆண்டுக்கு முன் வெளிவந்ததா? இந்த நாட்டில், இந்தப் பக்கச் சக்கரத்துடன், இந்த எண்பலகையுடன் ஓடியிருக்குமா? தெருவில் பல வயதுக் கார்கள் உள்ளனவா? அவை உழைத்த அடையாளம் தெரிகிறதா? காரில் இருப்பவர் யார், நடந்து செல்பவர் யார்?

அடுத்து, மாணவர் தம் வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களைக் கொண்டுவரட்டும். கார் அருகே தாத்தா நிற்கும் படம் பல வீடுகளில் இருக்கும். அந்தக் கார் எந்த வகை, பின்கண்ணாடி எப்படி, எண்பலகையில் என்ன எழுத்து என்று ஆராய்ந்தால், படத்தின் ஆண்டைப் பெரும்பாலும் நெருங்கிவிடலாம். பிறகு மற்றொரு கேள்வியை வீட்டுப் பெரியவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: ‘அந்தக் கார் யாருடையது?’ அதற்குக் கிடைக்கும் விடையில், எந்தத் திரைப்படத்திலும் இதுவரை வராத ஒரு வரலாறு தொடங்கக்கூடும்.